வறண்ட மண்ணுக்கு எட்வர்டு ரோஜா

1867-க்கு முன்பே வழக்கில் இருந்த ரோஜா வகைகளைச் சேர்ந்த செடிகளைத் தோட்டக்கலையில் பழந்தோட்ட ரோஜா என்கிறார்கள். அந்த ஆண்டில்தான் பிரான்சின் லியோன் நகரத்து நாற்றுப்பண்ணைக்காரர் கியோ, 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை வெளியிட்டார். 'ஹைப்ரிட் டீ' என்ற நவீன வகை அதிலிருந்து தொடங்குகிறது. நீண்ட காம்பும் கூம்பிய மொட்டுமாகப் பூங்கொத்துக் கடையில் நிற்பவை பெரும்பாலும் இந்த வகையின் வாரிசுகள். அதற்கு முந்தியவை டமாஸ்க், சைனா, டீ, நொய்செட், போர்பன் முதலியவை. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள சூடான ஊர்களுக்கு ஏற்ற ரோஜாக்களை இந்தப் பழைய கூட்டத்தில்தான் தேட வேண்டும்.

மே மாதம் வந்தால் ஊட்டி ரோஜாக் கண்காட்சிப் படங்கள் செய்தித்தாள்களை நிறைத்துவிடுகின்றன. 1995-ல் உருவான அந்தப் பூங்கா அழகானது; சுமார் 2,200 மீட்டர் உயரத்திலும் குளிர்ந்த இரவுகளிலும் ரோஜா செழிப்பது இயல்பு. எரிச்சலூட்டுவது அதற்குப் பிறகு நடப்பது. மலையிலிருந்து இறங்கும் கார்களின் டிக்கியில் ஒட்டுச்செடிகள் மதுரைக்கும் திருச்சிக்கும் வேலூருக்கும் வருகின்றன. ஆடி பிறப்பதற்குள் பாதிக்கு மேல் காய்ந்து குச்சியாகின்றன. வீட்டில் உள்ளவர்கள் தங்களுக்கு ரோஜா கைராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஹைப்ரிட் டீ வகைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களில் உருவாக்கப்பட்டவை. பெரிய பூவுக்காக அவை தொடர்ந்து தளிர்விட வேண்டும். அதற்கு ஓயாத நீரும் உரமும் தேவை. நாற்பது டிகிரி வெயிலிலும் உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரிலும் அந்த வேகம் நிலைப்பதில்லை. இலையோரம் கருகுகிறது, சிவப்புச் சிலந்தி பற்றுகிறது, கவாத்து செய்த நுனியிலிருந்து கிளை கீழ்நோக்கிக் காய்ந்து வருகிறது.

மிச்சக் கேட்டைச் செய்வது தண்ணீர் ஊற்றும் முறை. இதைப் பற்றி இப்பத்தி எத்தனை முறை எழுதியிருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. தரையில் நட்ட செடிக்குத் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனையும். வேர் அந்த ஈரத்தை நம்பி மேலேயே படர்கிறது. வீட்டில் உள்ளவர்கள் இரண்டு நாள் வெளியூர் போனால் முதலில் சுடுவதும் அந்த மேல்மண்தான். நீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு வேரைச் சுற்றித் தங்குகிறது. அதே தண்ணீரைச் சேர்த்து நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, குழி நிறையும்படி மெதுவாக விட்டால் ஈரம் ஒரு முழத்துக்கும் கீழே இறங்கும். வேரும் அதைத் தேடி இறங்கும், உப்பும் கீழே போகும். தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால்தான் வறண்ட ஊரில் ரோஜாவைத் தொட்டியில் வைக்காதீர்கள் என்று இப்பத்தி சொல்லிவருகிறது.

காய்ந்துபோனதாகக் கருதப்படும் ஒட்டுச்செடியில் சில நேரம் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு முரட்டுத் தளிர் கிளம்பும். காட்டு ரோஜா என்று அதை வெட்டி எறிகிறார்கள். இந்திய நாற்றுப்பண்ணைகள், குறிப்பாக வடக்கில், ஒட்டுக்கட்டையாக வைப்பவற்றில் எட்வர்டு ரோஜாவும் ஒன்று. தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் மணத்துக்காகக் கிலோக் கணக்கில் விலைபோகும் பன்னீர் ரோஜாவும் அதுதான். அதன் வரலாற்றைச் சொல்ல ஊட்டியை விட்டு இந்தியப் பெருங்கடலுக்குப் போக வேண்டும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவுக்கு அந்தக் காலத்தில் போர்பன் தீவு என்று பெயர். அங்கே தோட்டக்காரர்கள் வேலிக்கு இரண்டு ரோஜாக்களை நட்டார்கள். ஒன்று ஆண்டு முழுவதும் பூக்கும் இளஞ்சிவப்புச் சைனா ரோஜா. மற்றது ஆண்டில் இருமுறை பூக்கும் மணமிக்க டமாஸ்க். வேலியில் இரண்டும் கலந்து தானாக ஒரு கலப்புச் செடி முளைத்தது. அது எதுவார் பெரிஷோன் என்பவரின் நிலத்தில் வளர்ந்ததால் 'ரோஸ் எதுவார்' ஆயிற்று, இந்தியாவில் எட்வர்டு. 1817-ல் தீவுக்கு வந்த தாவரவியலாளர் பிரேயோன் அதன் சிறப்பைக் கண்டு, பாரிசை அடுத்த நெய்யியில் ஓர்லியான் கோமகனின் தோட்டத்தைக் கவனித்த ஜாக் என்பவருக்கு விதை அனுப்பினார். அந்த விதையிலிருந்து ஐரோப்பாவின் போர்பன் ரோஜாக்கள் பெருகின.

இந்தச் செடியின் வறட்சி தாங்கும் குணத்துக்கு அதன் பெற்றோரே காரணம். டமாஸ்க் ரோஜாவுக்கு மூன்று மூதாதையர் உண்டு என்று 2000-ல் வெளியான ஜப்பானிய ஆய்வாளர்களின் மரபணு ஆய்வு காட்டியது. அவற்றில் ஒன்று மத்திய ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகளைச் சேர்ந்த காட்டு ரோஜா. சைனா ரோஜாவோ பூப்பதற்குக் கடுங்குளிரை எதிர்பார்க்காதது. ஒரு பக்கம் வறட்சிக்குப் பழகிய வம்சம், மறுபக்கம் வெப்பத்திலும் பூக்கும் வம்சம். தமிழகச் சமவெளி கேட்பது இந்த இரண்டையும்தான்.

பூவைப் பக்கத்தில் பார்த்தால் அதன் போக்கு விளங்கும். நல்ல இளஞ்சிவப்பு, கிண்ணம்போல் குவிந்த அடுக்கு இதழ், குட்டைக் காம்பு, கை படும் இடமெல்லாம் முள். விடியும் முன் விரிந்து, வெயில் ஏறியதும் தொய்ந்து, தொட்டால் இதழ் உதிர்கிறது. அதனால்தான் நிலக்கோட்டைப் பக்கம் இருட்டோடு இருட்டாகப் பறித்துக் காலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். பூச்சாடியில் மூன்று நாள் நிற்காத இந்தப் பூ மாலைக்கும் பன்னீருக்கும் குல்கந்துக்கும் உரியது. ராஜஸ்தானில், பாலைவன விளிம்பில் உள்ள புஷ்கரைச் சுற்றிய வயல்களிலும் இது விளைகிறது.

வளர்க்கும் முறை எளியது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம் கலக்க வேண்டும். நீர் தேங்காத செம்மண் சிறந்தது. களியாக இருந்தால் மணலும் மக்கும் சேர்க்கலாம். ஒட்டுச்செடி தேவையில்லை: பென்சில் பருமனுள்ள முற்றிய போத்தை நட்டாலோ பதியன் போட்டாலோ வேர்விடும். சொந்த வேரில் நிற்கும் செடி வறட்சியில் மேலே கருகினாலும் அடியிலிருந்து அதே ரோஜாவாகத் துளிர்க்கும். வயலில் வரிசைக்கு இரண்டு மீட்டரும் செடிக்கு ஒரு மீட்டரும் இடைவெளி விடுவது வழக்கம். நட ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம். முதல் கோடையில் தவறாமல் நீர் வேண்டும். அதைத் தாண்டிய செடிக்கு அவ்வளவு கவனிப்பு தேவைப்படாது. அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகோ தென்னைநார்க் கழிவோ மூடாக்காகப் போட்டு, தண்டைத் தொடாமல் சற்று விலக்கி வைக்க வேண்டும்.

கவாத்து அக்டோபரில். காய்ந்த, குறுக்கே போகும் கிளைகளை நீக்கி, மற்றவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தொழுவுரம் இட்டால் மழை ஈரத்தில் தளிர் வந்து தையில் பூ நிறையும். சித்திரை வெயிலில் செடி இலை உதிர்த்துப் பூவைக் குறைப்பது அதன் ஓய்வு. அப்போது கத்திரிக்கோலும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

எட்வர்டுக்குத் துணையாக வேறு பழைய ரோஜா தேடுபவர்கள் சைனா, டீ, நொய்செட் வகைகளைப் பார்க்கலாம். 1843-ல் லியோனில் பிறந்த 'சுவனீர் த லா மால்மெசோன்' என்ற போர்பன், மழை நாட்டில் மொட்டிலேயே அழுகி, வறண்ட ஊரில் அழகாக மலர்வது. காலிகா, ஆல்பா, சென்டிபோலியா ஆகிய ஐரோப்பிய வகைகள் குளிர்காலம் இல்லாத சமவெளியில் பூக்கத் திணறும். அவற்றுக்குச் செலவு செய்வது வீண். எட்வர்டுக்குச் செலவே இல்லை. அக்டோபர் கவாத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டிப் போடும் கிளைகளில் நான்கு போத்து கேட்டு வாங்கினால் போதும்.