விரட்டப்பட்டவர் கண்ட விடை

தம்பி!

அணுவைப் பிளந்தனர் என்கிறோம். கோடரி கொண்டா பிளந்தனர்? வெடிமருந்து வைத்தா தகர்த்தனர்? இல்லை. மின்னேற்றமற்ற நியூட்ரான் என்னும் சின்னஞ்சிறு துகள், எதிர்ப்பேதுமின்றி யுரேனியத்தின் அணுக்கருவுக்குள் நுழைந்தது, கரு இரண்டாயிற்று! 1938 டிசம்பரில் பெர்லினில் அதைக் கண்டவர்கள் ஆட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும். கண்டனர்; ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. 92 புரோட்டான் கொண்ட யுரேனியத்திலிருந்து 56 புரோட்டான் கொண்ட பேரியம் எப்படி வந்தது? திகைத்தார் ஹான், விளக்கம் வேண்டி மடல் தீட்டினார். யாருக்கு? நாட்டைவிட்டு ஓட்டப்பட்ட ஒரு பெண்மணிக்கு!

லீசெ மைட்னர் அவர் பெயர். வியன்னாவிலே பிறந்தவர், 1907 முதல் பெர்லினில் ஹானுடன் ஆய்வு நடத்தியவர். பெண் என்பதால், ஆய்வுக்கூடத்தின் மாடிப்பக்கம் வரலாகாது என்று முதலில் தடுத்தனர். தச்சுப்பட்டறையாக இருந்த கீழறையிலே அமர்ந்து ஆராய்ந்தார். பின்னர் பேராசிரியராகவும் உயர்ந்தார். வந்தான் இட்லர். யூதக் குடியிற் பிறந்தது குற்றமாயிற்று! முப்பதாண்டு உழைப்பைப் பார்க்கவில்லை, தம்பி, பிறப்பைப் பார்த்தார்கள். 1938 ஜூலையில், ஏறக்குறைய அறுபது வயதில், ஆலந்து வழியாகச் சுவீடன் சேர்ந்தார் அம்மையார்.

அங்கேதான் மடல் கிடைத்தது. கிறிஸ்துமசுக்கு வந்திருந்த தமக்கை மகன் ஃபிரிஷும் இயற்பியலறிஞர். இருவரும் பனியிலே நடந்தனர். விழுந்து கிடந்த மரத்தின்மீது அமர்ந்து, துண்டுத்தாளில் கணக்கிட்டனர். அணுக்கரு ஒரு நீர்த்துளி போன்றது. துளியைக் கட்டிக்காப்பது அதன் மேற்பரப்பின் இழுவிசை. பிரிக்க முயல்வது புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை. 92 புரோட்டான் கூடிய இடத்தில் கட்டு தளர்ந்தே இருக்கிறது. நியூட்ரான் நுழைந்ததும் துளி தள்ளாடுகிறது, நீளுகிறது, இடை சிறுக்கிறது, அறுகிறது! இரு துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளிப் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலே ஆற்றல். அளவென்ன? 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டு. கரியின் அணுவொன்று எரிந்தால் 4தான்!

எங்கிருந்து வந்தது இவ்வளவு? துண்டுகளைக் கூட்டிப் பார்த்தார் அம்மையார். எடை குறைந்தது, புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டைனின் சூத்திரப்படி ஆற்றலாக மாற்றினார். அதே 20 கோடி! உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு உயிர்நூலார் வழங்கிய சொல்லையே இதற்குச் சூட்டினார் ஃபிரிஷ்.

பிளவுதோறும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிப்படும். அவை அடுத்த கருக்களைப் பிளக்கும். நொடிக்குள் தொடர்ந்து பெருகும். 1945 ஆகஸ்ட் 6 அன்று இரோஷிமாவில் வீழ்ந்த குண்டில் யுரேனியம் 64 கிலோ. பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலாகி மறைந்த எடையோ ஒரு கிராம்கூட இல்லை! ஓர் ஊர் எரிந்தது. குண்டு செய்ய வருமாறு அழைத்தபோது மறுத்தவர் மைட்னர்.

பரிசு? 1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு, ஹான் ஒருவருக்கே. கரு பிளந்த கதையைச் சொன்னவருக்குப் பங்கில்லை. 1968இல் அம்மையார் மறைந்தார். 109ஆம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்று பெயர் உறுதியானது 1997இல்.