'ஒத்துழைக்காத நோயாளி' என்றொருவர் இல்லை

முதல் வகை நீரிழிவு உள்ள இளைஞரின் எச்பிஏ1சி அளவு உயர்ந்ததும் அவர்மீது எளிதாக ஒட்டப்படும் முத்திரை, 'ஒத்துழைக்காதவர்' என்பது. இச்சொல் எதையும் விளக்குவதில்லை. நோயுற்றவரைக் குற்றவாளியாக்குகிறது, அவ்வளவே.

கணையம் தானாகச் செய்த வேலையை இவர் சிந்தித்துச் செய்தாக வேண்டும். வேளைதோறும் சர்க்கரையை அளந்து, உணவைக் கணக்கிட்டு, ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் மிகுந்தால் மயக்கம். குறைந்தால் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து. மயக்கத்துக்கு அஞ்சிச் சர்க்கரையை உயர்த்தியே வைத்திருப்பவர் உண்டு. திருமணப் பேச்சுக்கு அஞ்சி ஊசியை மறைப்பவரும் உண்டு. இவற்றை அறிவுரையால் தீர்க்க இயலாது. பொலன்ஸ்கி குழுவினர் இச்சுமையை அளக்க 1995இலேயே ஓர் அளவுகோல் தந்தனர். 'நீரிழிவுத் துயர்' எனப்படும் இது மனச்சோர்வு நோயினின்றும் வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மாத்திரை எழுதுவதும் பிழையே.

சான்று எங்கே என்பீர்கள். 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வில், உளவியல் சிகிச்சை பெற்ற சிறாரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் எச்பிஏ1சி ஏறத்தாழ அரைப் புள்ளி குறைந்திருந்தது. பெரியவர்களிடம் அத்தகைய பயன் தென்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் பெரியவர்களின் துயரையே நேரடியாக இலக்காகக் கொண்ட அமெரிக்காவின் எம்பார்க் ஆய்வு (2024), துயரும் சர்க்கரையும் சேர்ந்தே குறையக்கூடும் எனக் காட்டியது. ஆகவே, எவ்வகைச் சிகிச்சை என்பதே வினா. சிகிச்சை வேண்டுமா என்பதன்று.

இன்சுலினே அரிதான நாட்டில் இது ஆடம்பரம் என்பது அடுத்த வாதம். மேற்கு வங்க அரசின் முதல் வகை நீரிழிவுத் திட்டம் 2025இல் பன்னாட்டு விருது பெற்றது, அது பெருமைக்குரியது. எனினும் இலவசமாகக் கிடைத்த மருந்தை அச்சத்தால் ஒருவர் போட்டுக்கொள்ளாவிடில், அந்தச் செலவுக்கு என்ன பொருள்? மருந்து கைக்கு எட்டிய பின்னரே மனத்தின் தடை கண்ணுக்குத் தெரிகிறது.

இதைக் கொல்கத்தாவில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில்தான் தோன்றியது. 1922இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை இங்குதான் நிறுவினார். எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பியியல் துறையும் உளமருத்துவ நிறுவனமும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்குகின்றன. அறிவு மரபும் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. உளமருத்துவப் பிரிவுக்குச் சீட்டெழுதி அனுப்பினால், 'பைத்தியம்' என்னும் பழிக்கு அஞ்சிப் பலர் செல்லமாட்டார்கள். உளவியலாளர் நீரிழிவு மையத்துக்குள்ளேயே அமர வேண்டும்.

உளவியல் துறையினருக்கு ஒன்று: முதுகலை மாணவர்களின் களப்பயிற்சியை இம்மையங்களில் அமையுங்கள், துயர் அளவுகோல்களை வங்காளத்திலும் தமிழிலும் சோதித்துச் செம்மை செய்யுங்கள். மருத்துவத் துறையினருக்கும் ஒன்று: இச்சிகிச்சையின் வெற்றியை எச்பிஏ1சி எண்ணால் மட்டும் அளக்காதீர்கள். அப்படி அளந்தால், உளவியலாளரும் இன்னொரு கண்காணிப்பாளராகவே முடிவார்.