ஒரே ஊசியோடு நிறுத்தலாமா?

ஆட்டுப் பட்டிக்கும் தோட்டத்திற்கும் நல்ல காவல் நாய் இன்றியமையாதது. ஆடு மாடுகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடும் நம் விவசாயிகள் பலர், அவற்றைக் காக்கும் நாயை மறந்துவிடுகின்றனர். போடுகிறவர்களிலும் பலர் ஒரே ஊசியோடு நிறுத்திவிடுகின்றனர்.

அண்மையில் ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவர், "ஊசி போட்டும் குட்டி செத்துப்போச்சுங்க ஐயா, எல்லாம் வீண் செலவு" என்று என்னிடம் வருந்தினார். மூன்று மாதக் குட்டி. தீனி எடுக்காமல் சோர்ந்து, வாந்தி எடுத்து, துர்நாற்றத்துடன் ரத்தமாகக் கழிந்து, மூன்றே நாளில் இறந்துவிட்டது. இவை பார்வோ நோயின் அறிகுறிகள். விசாரித்தபோது, 45ஆம் நாளில் போட்ட ஒரே ஊசிதான் என்று தெரிந்தது.

ஊசி வீணல்ல. சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி, முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. ஆனால் அதே சக்தி, ஊசி மருந்தையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆகவேதான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, 16 வார வயது வரை ஊசி போடவேண்டும். ஓராண்டு நிறைவில் மீண்டும் ஒன்று தேவை. வெறிநோய்த் தடுப்பூசி இதில் சேராது. அதைத் தனியே போடவேண்டும்.

1978-ல் உலகில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய்க் கிருமி, மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். எனவே குட்டி இறந்த இடத்தில் உடனே வேறு குட்டியைக் கட்டாதீர்கள். சாதாரண பினாயிலுக்கு இது சாகாது. சாணம், அழுக்கு நீக்கிக் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிப்பதே நல்லது. மருந்தைக் கடையில் வாங்கினால், ஐஸ் கட்டி வைத்த பிளாஸ்கில் எடுத்துச் சென்று உடனே போட்டுவிடுங்கள். வெயிலில் கொண்டுபோன மருந்து பயன் தராது.

இதில் எங்களைப் போன்றோர் மீதும் தவறு உண்டு. "ஊசி போடுங்கள்" என்று சொன்னோமே தவிர, எத்தனை முறை, ஏன் என்று விளக்கவில்லை. ஒருநாள் முகாம் நடத்திவிட்டு, அடுத்த மாதம் அந்த ஊர்ப் பக்கமே போகாவிட்டால் என்ன பயன்? முகாம் நடத்துவோர் அடுத்த ஊசிக்கான நாளையும் அன்றே அறிவிக்கவேண்டும்.

விவசாயிகளும் ஊசி போட்ட தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து குட்டிகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றால் வண்டிச் செலவும் குறையும். தொடங்கிய ஊசியை முடிப்பதே குட்டிக்குக் காப்பு.