பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

பேரனின் சின்ன நாலு சக்கர பெட்ரோல் வண்டியில் செல்ப் எடுக்கவில்லை. மெக்கானிக் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். போட்டோம். மூன்றே வாரத்தில் அதுவும் படுத்தது. "இதுவும் போச்சு சார்" என்கிறார்! எங்கள் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரத்துக்கு வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. இவரிடம் பேட்டரி மூன்று வாரத்தில் கல்லாகிறது.

பிரெஞ்சில் படித்தவன் நான். 1859-இல் ஈய-அமில பேட்டரியைச் செய்த கஸ்தோன் பிளாந்தே பிரெஞ்சுக்காரர். மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றலாம் என்பதே அதன் பெருமை. ஏற்றாமல் விட்டுவிட்டு அதைத் திட்டலாமா?

வெளியே சார்ஜ் ஏற்றி, மறுநாள் மல்டிமீட்டர் வைத்தேன்: 12.6 வோல்ட். பேட்டரி நன்றாகவே இருக்கிறது. எஞ்சினை முடுக்கினால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும்; ஏறவில்லை. அப்படியென்றால் கோளாறு காயிலிலோ, ரெக்டிபையரிலோ, ஒயரிலோதான். கழற்றிப் பார்த்தால் ரெக்டிபையர் சாக்கெட் கருகிக் கிடந்தது!

ஆபீசில் கணக்கு இடித்தால் பேரேட்டையா மாற்றினோம்? வரவு எங்கே நின்றது என்றுதானே தேடினோம்?

இனி யாராவது "பேட்டரி போச்சு" என்றால், "மீட்டர் வெச்சுக் காட்டு தம்பி" என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம், போவது நம் பென்ஷன் பணம்.