சித்தாள் கையில் கரணை

கல்கத்தா: இந்தப் பக்கத்தில் கட்டட வேலைக்குச் செங்கல், மணல் சுமக்கும் பெண்ணுக்கு ‘ரேஜா’ என்று பெயர், நம்மூர்ச் சித்தாள்தான். கரணை பிடிக்கும் மிஸ்திரி பெரும்பாலும் ஆண்.

ஒரே வேலைக்கு ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே கூலி என்றது 1976-ம் வருடச் சட்டம். அதன் இடத்திற்கு வந்த 2019-ம் வருட ஊதியத் தொகுப்பிலும் அதே விதிதான். ஆனால் சுமப்பதும் பூசுவதும் ஒரே வேலை அல்லவே! கண்டிராக்டர் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறார். வருஷக் கணக்கில் கலவை சுமந்தவளுக்கு அதன் பதம் தெரியாதா என்ன?

அண்டை மாநிலமான ஜார்க்கண்டில், தூய்மை இந்தியா திட்டத்தின்போது கிராமப் பெண்களுக்கே கொத்து வேலை கற்றுத் தந்தார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று பெயர் பெற்ற அவர்கள் ஆயிரக்கணக்கில் கழிப்பறைகள் கட்டினார்கள்.

பெரிய கட்டடங்களின் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குக் குறையாமல் தொழிலாளர் நலனுக்கென்று வரி வாங்க 1996-லேயே சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை ரேஜாக்களின் பயிற்சிக்கு ஒதுக்கும்படி சங்கங்கள் கேட்கலாம்.