ஒரு சொல்லும் அதன் வாலும்

தாம்பரத்தில் இங்கிலீஷ் போதிக்கும் உபாத்தியாயன் நான். இருபது ஆண்டுகளாக மாணாக்கரின் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி வருகிறேன். அவற்றுள் ஒரு பிழையைத் திருத்திய விதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்கு நாள் வராதிருந்து, பிறகு விடுமுறைக் கடிதத்துடன் வந்து நின்றான். தன் பாட்டனார் 'பாஸ் அவுட்' ஆகிவிட்டதாக அதில் எழுதியிருந்தான். "எந்தக் கலாசாலையிலப்பா உன் தாத்தா படித்துத் தேறினார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பையன் தலை குனிந்தான். மறுநாள் அவனைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். ஆயினும் அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் இங்கிலீஷில் வாய் திறக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அவன் மீது குற்றம் சொல்வதற்கில்லை. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் நம் தடத்திலேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில், பயிற்சி முடிந்தவர்கள் அணிவகுத்து வெளியேறுவதை 'பாஸ் அவுட்' என்பது முற்றிலும் சரி. நம் ஊர்ப் பட்டதாரிகளோ கலாசாலையை விட்டு வந்ததையும் அப்படியே சொல்லுகிறார்கள். இதைக் கேட்கும் ஆங்கிலேயர், 'ஐயோ, மூர்ச்சை போட்டு விழுந்தாரா?' என்று திகைப்பார். 'அவே' என்னும் வாலைச் சேர்த்தால் காலமாவது. 'ஆஃப்' சேர்த்தால் போலியை அசலென்று நம்ப வைப்பது. 'அப்' சேர்த்தால் வந்த வாய்ப்பை வேண்டாமென்று விடுவது. தலை ஒன்றுதான், வால் மாற மாறப் பொருளும் மாறிவிடுகிறது. அந்நியருக்கு மிகுந்த சிரமம் தருவது இதுவே என்று டாக்டர் ஜான்ஸன் 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆனால் தமிழருக்கு இது அவ்வளவு அந்நியமா? 'எழுதினான்' என்பதை எடுத்துக் கொள்ளுங்கள். எழுதிவிட்டான் என்றால் வேலை முடிந்தது. எழுதிவைத்தான் என்றால் பின்னால் உதவுமென்று செய்தது. எழுதிப்பார்த்தான் என்றால் வருகிறதா என்று சோதித்தது. எழுதித் தள்ளினான் என்றாலோ, படிப்பவர் பாடு திண்டாட்டம்! ஆங்கிலேயர் சிறு இடைச்சொல்லை ஒட்டிச் செய்வதை நாம் துணைவினையை ஒட்டிச் செய்கிறோம். இந்த நுட்பம் நம் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

மரணத்தைப் பற்றிய சொற்களிலும் அப்படியே. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதை மங்கல வழக்கு என்று நன்னூல் உரைகாரர்கள் வகுத்திருக்கிறார்கள். செத்துப்போனான், இறந்துவிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார் - செய்தி ஒன்றே. சொல்பவரின் மனம் வேறு வேறு. இங்கிலீஷிலும் 'டை' என்பது வெறும் செய்தி; 'பாஸ் அவே' என்பதில் மரியாதை கலந்திருக்கிறது.

இங்கேதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. 'டை' என்னும் சொல் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாததன்று. சுலபமான அச்சொல்லை அவன் எழுதியிருக்கலாம். தாத்தாவைப் பற்றி அப்படி எழுத அவனுக்கு மனம் வரவில்லை. மரியாதையான சொல்லைத் தேடினான். பாதிதான் கைக்கு அகப்பட்டது. தலையைச் சரியாகப் பிடித்தவனை, வால் தவறியதற்காக நான் பரிகசித்தேன்.

இப்போதெல்லாம் இத்தகைய பிழையைக் கண்டால், "இதை வீட்டில் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று முதலில் கேட்கிறேன். "காலமானார் என்போம், ஸார்" என்று பதில் வந்தால் பாதிப் பாடம் முடிந்தது; அதற்குரிய இங்கிலீஷ் வாலைக் காட்டுவது ஒரு நிமிஷ வேலை. குழந்தைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களும் தந்தையரும் இந்த முறையைக் கையாண்டு பார்க்கலாம். சொற்பட்டியலை நெட்டுருப் போட வைப்பதைவிட இது நிச்சயமாகப் பலன் தரும். யாரும் தலை குனிய வேண்டியும் இராது.