கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்

இங்கிலாந்தின் உள்ளூர் பப்களில் பெரும்பாலும் மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுப்பதில்லை. வாடிக்கையாளரே கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே ஒழுங்கான வரிசையும் இருக்காது. யார் முதலில் வந்தார், அடுத்தது யார் என்பதை ஊற்றிக் கொடுப்பவர்தான் மனதில் குறித்துக்கொள்கிறார். முண்டியடித்துக் கையை நீட்டுபவரை நிறுத்திவிட்டு, ஓரமாக நிற்கும் முதியவரைப் பார்த்துத் தலையசைப்பார். கடையின் தரம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் தன் கனவு பப்பைப் பற்றி எழுதியபோது, பியரைவிடச் சூழலையே பெரிதாகச் சொன்னார். அங்கே பணிப்பெண்களுக்கு வாடிக்கையாளர் பலரின் பெயர் தெரியும்.

பியர் ஊற்றித் தரும் அளவான ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். நுரை அடங்கியதும் அளவு குறைந்து தெரிந்தால், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லலாம். முகம் சுளிக்காமல் ஊற்றித் தருவதுதான் முறை. அந்தச் சில மில்லிலிட்டரால் கடைக்கு நஷ்டமில்லை. சுளித்த முகத்தால் உண்டு.

வெதர்ஸ்பூன் என்ற நிறுவனத்தின் பப்களில் செயலியில் தட்டினால் கிளாஸ் மேசைக்கே வருகிறது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இது நல்ல உதவி. ஆனால் அதைக் காரணம் காட்டி ஆட்களைக் குறைப்பது தவறு. தனியாக வாழும் பலர் பப்புக்கு வருவதே யாரிடமாவது நாலு வார்த்தை பேசத்தான்.